காது வழியாக முறிந்த விரதம்

முப்பத்திரண்டு வருடம் மலாய் நாட்டில், கிள்ளானில் லோரி டயர்களுக்குக் காற்றடித்தவன் நான். எந்த டயரில் காற்று குறைவு என்பதை ஓர் உதை உதைத்தாலே சொல்லிவிடுவேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனாலும் காற்று விஷயத்தில் என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் இருந்தது. கடைசியில் என் சொந்தக் காதே என்னை ஏமாற்றியது. அதற்கு உடந்தையாக இருந்தது என் பக்தி.

என் ஒரே மகள் சபாவில், கோத்தா கினபாலுவில் பள்ளி ஆசிரியை. மருமகனும் அங்கேயே ஆசிரியர். கிள்ளானிலிருந்து அங்கே போக ரோடும் கிடையாது, ரயிலும் கிடையாது. நடுவில் கடல் கிடக்கிறது. விமானம்தான் வழி. முதல் பிரசவத்துக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வருவதாகத்தான் இருந்தது. ஏழாம் மாதம் அங்குள்ள டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, ரத்தம் போகலாம், பயணமே கூடாது, ஆப்பரேஷன்தான் என்று சொல்லிவிட்டார். உத்தேசமாக நாளும் சொன்னார். ஒன்பது வாரம் இருந்தது.

அவளால் வர முடியாவிட்டால் நாங்கள் போக வேண்டியதுதான். மருமகனுக்கு அப்பா இல்லை. பிறக்கப்போகும் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல, இருக்கிற ஒரே தாத்தா நான்தான்.

“அப்பா, நீங்கதான் காதுல பேர் சொல்லணும். இப்பவே குரலக் கொறச்சுப் பேசிப் பழகிக்குங்க. நீங்க கத்துற கத்துல புள்ள பயந்துரும் லா” என்று மகள் போனில் சிரித்தாள். ஆப்பரேஷன் பற்றிக் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. “பயமாத்தான் இருக்குப்பா” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பழனிக்கு நேர்ந்துகொண்டேன். நேர்த்திக்கடன் சாதாரணமாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். விமானம் ஏறியதிலிருந்து மலைமேல் முருகனைப் பார்க்கும் வரை பேச்சு இல்லை, சோறு இல்லை, தண்ணீர் இல்லை. எச்சில் விழுங்குவதும் இல்லை. இந்தக் கடைசிச் சட்டத்தை முருகன் கேட்கவில்லை, எங்கள் வீட்டில் முன்பு யாரும் செய்ததும் இல்லை. நானாகச் சேர்த்தது. டயரை மாட்டி நட்டு முடுக்கும்போதும் எல்லாரும் நிறுத்திய இடத்தில் இன்னும் ஒரு திருகு திருகுகிறவன் நான். அதில் எத்தனை நட்டு உடைந்திருக்கிறது என்பதை இங்கே எழுதவில்லை.

புறப்படும் அன்று எனக்கு நல்ல சளி. மூக்கு அடைத்து, தலை பூசணிக்காய் மாதிரி கனத்தது.

“ரெண்டு நாள் தள்ளிப் போகலாமே. இந்த மூக்கோட எப்படிங்க?” என்றாள் என் மனைவி.

“முருகன் பாத்துக்குவாரு.”

“முருகனுக்கு உங்க மூக்கத் தொடைக்கிறதுதான் வேலையா?”

விமான நிலையத்தில் மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டேன். நுழைவாயிலில் கடவுச்சீட்டு பார்த்த மலாய்ப் பெண் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பிறகு என் மனைவியிடம், “பிசு கா, ஆன்டி?” என்றாள். ஊமையா என்று கேட்கிறாள்.

“தா’ லா. நியாட்” என்றாள் மனைவி. இல்லையம்மா, வேண்டுதல் என்று பொருள்.

அந்தப் பெண் மரியாதையாகத் தலையாட்டி என்னை உள்ளே விட்டாள்.

விமானத்தில் எனக்குப் பக்கவாட்டு இருக்கையில் மடியில் ஒரு கைப்பிள்ளையோடு ஓர் இளம் அம்மா. திருச்சிக்காரி. நான் எச்சிலை விழுங்காமல், துணியை விலக்கிப் பிளாஸ்டிக் குவளையில் துப்பிக்கொண்டு போனதை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். நல்ல வளர்ப்பு.

மூன்று மணி நேரம் ஒன்றும் இல்லை. விமானம் இறங்க ஆரம்பித்ததும் இடது காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் போய், டயர் நெம்புகிற கம்பி வந்தது. காதிலிருந்து பல்லுக்கு, பல்லிலிருந்து கண்ணுக்கு என்று வலி ஊர்வலம் போனது. என் முகத்தைப் பார்த்து மனைவி பையைத் துழாவி அசாம்போய் எடுத்தாள். புளிப்பும் உப்புமாக இருக்கும் காய்ந்த பழம், இங்கே எல்லாருடைய பையிலும் இருப்பது.

“வாயில போடுங்க. சப்பி எச்சில முழுங்குனா காது விட்டுரும்.”

தலையை ஆட்டினேன்.

“துணிய அவுத்துட்டுக் கொட்டாவியாச்சும் விடுங்க!”

அதற்கும் ஆட்டினேன். விமானப் பணிப்பெண் வந்து, தன் வாயைப் பெரிதாகத் திறந்து மூடிக் காட்டினாள். முனிவர்களின் தவத்தைக் கலைக்கத் தேவலோகத்திலிருந்து பெண்கள் வருவார்கள் என்று கேட்டிருக்கிறேன். எனக்கு வந்தவள் சீட் பெல்ட் போட்டிருக்கிறேனா என்றும் பார்த்துவிட்டுப் போனாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தக் கைப்பிள்ளையோ விமானமே அதிர வீரிட்டது. என் மனைவி அம்மாக்காரிக்கு ஆறுதல் சொல்லப் போனாள்.

“அழுவட்டும் அக்கா. அழுதாத்தான் காது அடைக்காது” என்றாள் அவள். அவ்வளவு வலியிலும் எனக்குள் ஒரு பெருமிதம். பாவம், வைராக்கியம் இல்லாத குழந்தை என்று நினைத்தேன்.

திடீரென்று காதுக்குள் ‘டப்’ என்றது. வலி நின்றது. அப்படியே நின்றுவிட்டது! காதிலிருந்து இளஞ்சூடாக என்னவோ கழுத்துக்கு வழிந்தது. எனக்குக் கண்ணீர் வந்து, உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். அருள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சத்தத்தை முப்பத்திரண்டு வருடமாகக் கேட்டவன் நான். டயர்க் கடையில் கேட்டிருந்தால், தூக்கத்தில் இருந்தாலும் “பஞ்சர்” என்று சொல்லியிருப்பேன்.

திருச்சியிலிருந்து வாடகைக் காரில் பழனிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். காதுக்குள் கடையில் ஓடும் கம்ப்ரஸர் மாதிரி ஒரு ‘ஙொய்ங்’. கழுத்தில் வழிந்தது காய்ந்து ரத்தக் கோடாக இருந்தது. மனைவி பதறிவிட்டாள். பதறினால் அவளுக்கு வரும் ஒரே யோசனை எண்ணெய். தங்கும் விடுதிக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய், கரண்டியில் நல்லெண்ணெயை ஊற்றி, நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி வாங்கி வந்தாள். என்னைச் சாய்த்துப் படுக்க வைத்து, சூடு ஆறியதும் காதில் ஊற்றினாள்.

முதலில் இதமாக இருந்தது. பிறகு காதுக்குள் சுருக்கென்றது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், தொண்டையில் பூண்டு மணத்தது. மணந்ததோடு நிற்காமல் நாக்கின் அடியில் எண்ணெய் வழவழத்தது. காதில் ஊற்றினால் தொண்டைக்கு எப்படி வரும்? திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். எழுந்த அதிர்ச்சியில் விழுங்கிவிட்டேன்.

நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக் காத்த விரதம் ஒரு மடக்குப் பூண்டெண்ணெயில் முறிந்தது. வெறும் எண்ணெயாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். விரதத்தில் ஒதுக்கி வைத்த பூண்டே உள்ளே போய்விட்டது. மனைவியிடம் விஷயத்தைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன்.

அவள் வாசித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிப்பென்று தெரிந்தது.

“வாய் வழியாப் போகல, இல்ல? காது வழியாப் போனதெல்லாம் சாப்பாட்டுல சேராதுங்க.”

மறுநாள் விடியற்காலையில் மலையேறினேன். சன்னதியில் நின்று, “முருகா, பூண்டோடு வந்திருக்கேன். கோபம் இருந்தா என் காதோட வெச்சுக்கோ. புள்ள கிட்டப் போயிராத” என்று வேண்டிக்கொண்டேன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

திரும்பி வரும் விமானத்தில் ஒரு வலியும் இல்லை. முருகன் குணமாக்கிவிட்டார் என்று கிள்ளானில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் மகள் போன் செய்தாள். வழக்கம்போல இடது காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

“ஹலோ! ஹலோ! இந்தப் போன் செத்துப் போச்சு. புதுசு வாங்கணும்.”

மனைவி போனை என் கையிலிருந்து பிடுங்கி, வலது காதில் வைத்தாள். “…அப்பா, என்னப்பா, ஏன் இப்படிக் கத்துறீங்க?” என்று மகள் குரல் கணீரென்று வந்தது.

“போன் நல்லாத்தான் இருக்கு. காதத்தான் புதுசு வாங்கணும்” என்றாள் மனைவி. அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

மறுநாள் கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் பிடித்து, தலைநகரின் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, பக்கத்திலிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு காது டாக்டரிடம் போனோம். எங்கள் மகள் வயதுப் பெண், தமிழ்ப் பெண். கருவியைக் காதில் வைத்துப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

“அங்கிள், உள்ள என்னா தாளிச்சீங்க?”

மனைவி சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், எச்சில் சட்டம் உட்பட. டாக்டர் சிரிக்கக் கூடாது என்று ரொம்ப முயற்சி செய்தாள். பிறகு உள்ளே கிடந்ததைச் சின்னக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்து, திரையில் காட்டினாள். சிவந்துபோன செவிப்பறைத் தோல். அதில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை.

அப்புறம் ஓர் இரும்புக் கவையைத் தட்டி அதிர வைத்து, அதன் காம்பை என் நெற்றி நடுவில் வைத்தாள். “எந்தக் காதுல சத்தமாக் கேக்குது?”

“இடது! இடது காதுல கேக்குது! சரியாயிருச்சு!” என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“சரியாகல அங்கிள். வெளிச் சத்தம் போகாத காதுல, எலும்பு வழியா வர்ற சத்தம் பெருசாக் கேக்கும். நல்லது என்னான்னா உள் நரம்பு நல்லாருக்கு. தோல்தான் கிழிஞ்சிருக்கு.”

நடந்ததை அவள் விளக்கினாள். மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. ஓட்டை வழியாக உள்ளே போன எண்ணெய் இதில் இறங்கித்தான் தொண்டைக்கு வந்தது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து காற்றை உள்ளே விடும். விமானம் இறங்க இறங்க வெளியே காற்றழுத்தம் கூடும். உள்ளேயும் கூடினால் தோல் பிழைக்கும். சளியில் குழாய் வீங்கி, நானும் விழுங்காமல் இருந்ததால், வெளிக்காற்று தோலை உள்பக்கமாக அழுத்தி…

“வால்வ நானே அடைச்சுட்டேன்” என்றேன்.

“என்னா அங்கிள்?”

“டயர்ல வால்வு மாதிரி, டாக்டர். அப்ப, திரும்பி வரும்போது வலிக்காததுக்குக் காரணம் ஓட்டை. ஓட்டை இருந்தா ரெண்டு பக்கமும் காத்து சமம். பஞ்சர் டயரு வெடிக்காது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இவ்வளவு தெரிஞ்ச நீங்க ஒரு மிட்டாயச் சப்பியிருக்கலாம் இல்ல?”

எனக்கிருந்த கேள்வியை மட்டும் கேட்டேன். “டாக்டர், காது வழியா எண்ணெ தொண்டைக்குப் போனா, விரதம் முறிஞ்சதாத்தானே கணக்கு?”

“அங்கிள், நான் காதுக்கு மட்டும்தான் டாக்டர்.”

மகள் விஷயத்தையும் சொன்னேன். ஆப்பரேஷனுக்கு ஏழு வாரம் இருந்தது. இந்த மாதிரி ஓட்டை பெரும்பாலும் தானாக மூடும் என்றாள். வாரக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். தான் கொடுக்கும் சொட்டு மருந்தைத் தவிர எண்ணெயோ வேறு எதுவுமோ காதுக்குள் போகக் கூடாது. தண்ணீர் போகவே கூடாது, குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது. தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முழுசாக மூடி, குழாயும் திறக்கிறது என்று தான் பார்த்துச் சொல்லும் வரை விமானமும் கூடாது.

“பாதி ஒட்டுன பஞ்சர் பேட்ச்சோட ஹைவேல லோரிய விடக் கூடாது” என்றேன்.

“கரெக்ட் அங்கிள். நீங்க பேசாம என் ஜோலிக்கே வந்துருங்க.”

இவ்வளவு புரிந்தவன் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் இருந்தேன். மூன்றாம் வெள்ளி, கோயிலுக்குப் போகுமுன் தலை முழுகும்போது, வாஸ்லின் பஞ்சை அடைத்துக்கொண்டு சாமி முன்னால் நிற்பது மரியாதையில்லை என்று தோன்றியது. ஏற்கெனவே பூண்டுக் கடன் வேறு இருக்கிறது. பஞ்சை எடுத்துவிட்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அதே கூடுதல் திருகு.

திங்கட்கிழமை காது மறுபடி ஒழுகியது. டாக்டர் பார்த்துவிட்டு இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“மூடிக்கிட்டு வந்துச்சு அங்கிள். இப்ப மறுபடி புண்ணு. இன்னும் நாலு வாரந்தான் இருக்கு. மூடலன்னா ஆன்டி மட்டும் போகட்டும். நான் விட மாட்டேன்.”

ரயிலில் திரும்பி வரும்போது மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் பேசாதிருந்தால் எனக்குக் கம்ப்ரஸர் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கும். ஷா ஆலம் தாண்டியதும் சொன்னாள்:

“நீங்க வரலன்னாலும் நான் போயிருவேன். அவ வயித்த அறுக்குறப்ப நான் வெளிய இருக்கணும். பேரு சொல்றதுக்கு அங்க யாரையாச்சும் பெரியவங்களப் புடிச்சுக்கலாம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் முன்கூட்டியே யோசித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். என் பேரப்பிள்ளையின் காதில் யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள் குனிவதை நினைத்துப் பார்த்தேன். முருகனுக்கு மரியாதை செய்கிறேன் என்று நான் செய்ததில் எத்தனை அவருக்காக, எத்தனை என் வீறாப்புக்காக என்று அந்த ரயிலில்தான் முதல் முறையாகக் கேட்டுக்கொண்டேன். கணக்கு எனக்குச் சாதகமாக வரவில்லை.

அன்றிலிருந்து பஞ்சு, அதன் மேல் மனைவியின் பிளாஸ்டிக் குளியல் தொப்பி. ரோஜாப் பூ போட்டது. குளியலறைக் கதவுக்கு வெளியே அவள் காவல்.

“தொப்பி போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“போட்டாச்சுன்னு முருகன் மேல சத்தியம் பண்ணுங்க.”

கோயிலுக்குப் பஞ்சோடுதான் போனேன். எங்கள் கோயில் குருக்களிடம் மனதில் கிடந்த பூண்டைக் கொட்டினேன். அவர் விபூதித் தட்டை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். “தகப்பனுக்கே பாடம் சொன்னவர் அவர். உங்க தொண்டையில எட்டிப் பாத்து மார்க் போடவா உக்காந்திருக்கார்? போங்க, காதப் பாத்துக்குங்க” என்று சொல்லி, விபூதியைக் காதில் படாமல் பூசிவிட்டார்.

ஆப்பரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டாக்டரிடம் போனோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக ஊதச் சொன்னாள். “மெதுவா அங்கிள், லோரி டயர் இல்ல.” ஊதினேன். காதுக்குள் ‘பட்’ என்று சின்னதாக ஒரு சத்தம். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஓட்டை இருந்த இடத்தில் புதுத் தோல், அரிசிமாவுத் தோசை மாதிரி மெல்லிசாக. நான் ஊதும்போது அது அசைந்தது.

“போகலாம். சளி இருந்தா மட்டும் ஏறாதீங்க. எறங்க ஆரம்பிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னால இந்த மூக்கு ஸ்ப்ரே. எறங்கும்போது தூங்கக் கூடாது. எதையாச்சும் மென்னுக்கிட்டே இருங்க, முழுங்கிக்கிட்டே இருங்க. தரை தொடுற வரைக்கும் வாய் சும்மா இருக்கக் கூடாது.”

“அத அவருக்குச் சொல்லித் தரவே வேணாம் டாக்டர்” என்றாள் மனைவி.

அதையே புது நேர்த்திக்கடனாக எடுத்துக்கொண்டேன். கோத்தா கினபாலுவில் இறங்கும் அரை மணி நேரமும் ஆறு அசாம்போய் தின்றேன், தண்ணீர் குடித்தேன், மூக்கைப் பிடித்து ஊதினேன், கொட்டாவி விட்டேன். இடைவெளியில் தெரிந்த முருகன் பாட்டையெல்லாம் பாடினேன். முன் இருக்கையில் இருந்த சீனர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை ஓர் அசாம்போய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். காது ‘பட் பட்’ என்று திறந்து திறந்து மூடியது. வலி இல்லை.

நாலாம் நாள் ஆப்பரேஷன். கொஞ்சம் ரத்தம் போனது, ஏற்றினார்கள். எங்களை வெளியே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. கதவு திறந்து மருமகன் வந்து, “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க மாமா” என்று சொன்னது இடது பக்கமிருந்து. முழுக்கக் கேட்டது.

பதினாறாம் நாள் பெயர் சூட்டினோம். பேத்தியை மடியில் வைத்தார்கள். மகள் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, “அப்பா, மெதுவா” என்றாள். குனிந்து, என்னிடம் இருக்கிற குரலிலேயே சின்னதை எடுத்து, மூன்று முறை பெயரைச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போதே அது முகத்தைச் சுளித்தது. மூன்றாம் முறை முடிந்ததும் என் இடது காதுக்கு நேராக வாயைத் திறந்து வீரிட்டது. காதுக்குள் கம்ப்ரஸர் ஓடிய இடமெல்லாம் அந்தச் சத்தம் நிறைந்தது.

எல்லாரும் பிள்ளையைச் சமாதானப்படுத்தப் பறந்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் குனிந்து, நாலாவதாக ஒன்று சொன்னேன்.

“என்னாங்க சொன்னீங்க? பேரு மூணு தடவதானே?” என்றாள் மனைவி.

பிள்ளை வளர்ந்ததும் தாத்தா வீட்டுக்கு விமானத்தில்தான் வர வேண்டும். அதனால், இறங்கும்போது இப்படியே அழு, யார் என்ன சொன்னாலும் வாயை மூடாதே என்று சொல்லி வைத்தேன்.